துணைவர் விபரம்

மல்லாவியிலிருந்து முதல் பஸ்.
மாங்குளத்தில் இறங்கி மாறி
கிளிநொச்சிக்குப் போய்ச் சேர
வங்கியின் கண்ணாடிக் கதவு அப்போதுதான் திறந்தது.
இலக்கத் துண்டு: பதினேழு.

கறவை மாட்டுக் கடன்.
இரண்டு மாடு, ஒரு கொட்டில்,
பால் எடுப்போம் என்று சங்கத்தின் கடிதம்,
கிராம அலுவலரின் கையொப்பம்,
என் பெயரில் காணி அனுமதிப்பத்திரம்.
எல்லாவற்றையும் பொலித்தீன் பைக்குள் வைத்து
மழைக்குப் பயந்து நெஞ்சோடு அணைத்திருந்தேன்.
மழை வரவில்லை.

பெடியனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.
'உங்கட பேர் சுத்தமாக் கிடக்கு அக்கா' என்றான்,
ஏதோ நான் தலைமுழுகிவிட்டு வந்ததைப்போல.
பிறகு உங்கள் அடையாள அட்டை இலக்கத்தை அடித்தான்.
அடித்துவிட்டுப் பேனையைத் தேடினான்.
பேனை அவன் கையில்தான் இருந்தது.
'கிரிப்பில அவற்ற பேர் அடிபட்டுக் கிடக்கு.'
திரையை என் பக்கம் திருப்பக்கூடாதாம்.
திருப்பினான்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு.
எனக்கு உங்களைத் தெரியாத ஆண்டு.
லான்ட்மாஸ்டர் ஒன்று, லீசிங்,
பதினோராம் கட்டுப்பணத்தோடு நின்றிருந்தது.
பறிமுதல். ஏலம்.
ஏலத்தில் போன விலை போக மீதி,
மீதிக்கு வட்டி,
வட்டி பிந்தியதற்குத் தண்டம்.
பிணை நின்றவர்: நேசரத்தினம்.
அவர் ஏன் எங்கள் கலியாணத்துக்கு வரவில்லையென்று
எட்டு வருசமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இஞ்சேருங்கோ,
நீங்கள் ஒளிக்கிற ஆளில்லை.
முதல் கிழமையே சொன்னீர்கள்,
வலது தொடைக்குள் ஒரு சன்னம் கிடக்கு,
எடுக்க வேண்டாமெண்டு வவுனியா டொக்டர் சொன்னவர் என்று.
என் விரலைப் பிடித்து வைத்து
தொட்டுப் பார்க்கவும் தந்தீர்கள்.
பள்ளிக்கூடத்தில் விரும்பின பெட்டையின் பேர் சொன்னீர்கள்,
அவளுக்கு எழுதின கடிதத்தின் எழுத்துப் பிழை உட்பட.
உடம்பில் பட்டதைக் காட்டலாம்,
பேரில் பட்டதைக் காட்டக் கூச்சம்போல.

பெடியன் குரலைத் தணித்தான்.
'துணைவர் கட்டாயம் பிணை நிக்கவேணும் அக்கா.
கணவர் இல்லாத ஆக்களுக்கெண்டா வேற திட்டம் கிடக்கு,
பெண் தலைமைக் குடும்பமெண்டு, வட்டியும் குறைவு.
மரணச் சான்றிதழ், இல்லாட்டி
காணாமல்போன பதிவு இருந்தாக் காணும்.'
சொல்லி முடித்தபிறகுதான்
என்ன சொன்னோமென்று அவனுக்கே கேட்டது.
காதுமடல் சிவந்து
அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டான்.

அந்தப் பதிவு என் அக்காளிடம் இருக்கிறது.
லமினேட் செய்து அலுமாரியில் வைத்திருக்கிறாள்.
பதினாறு வருசமாக
ஒரு மாட்டுக்கும் அதை மாற்ற அவள் சம்மதிக்கவில்லை.

நான் படிவத்தைத் திருப்பி வாங்கி மடித்தேன்.
துணைவர் விபரம் என்ற கட்டத்துக்குள்
உங்கள் பெயர் என் கையெழுத்தில் இருந்தது.
புவனேந்திரன்.
ஒரு எழுத்தும் கோட்டுக்கு வெளியே போகாமல்.

பின்னேரம் வந்து இறங்க
நீங்கள் கொட்டிலுக்கு நாலாவது கப்பையும் நட்டு
மண்ணைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தீர்கள்,
வலது காலென்றால் கொஞ்சம் மெல்லமாக.
'என்னவாம்?'
'அடுத்த கிழமை வரட்டாம்.'
நீங்கள் தலையாட்டிய விதத்தில் தெரிந்தது
உங்களுக்குத் தெரியுமென்று.
எனக்கும் தெரியுமென்பது தெரிந்ததோ என்னவோ,
மண்வெட்டியைக் கழுவப் போனீர்கள்,
கழுவிய மண்வெட்டியைத் திரும்பவும் கழுவினீர்கள்.

நாளைக்குக் கேட்பேன். சத்தமாகத்தான் கேட்பேன்.
நேசரத்தினம் அண்ணை வீட்டுக்குப் போகிற வழியையும்
அதோடு சேர்த்துக் கேட்பேன்.

இன்றைக்கு
இரண்டு கப்புக்கு நடுவே கயிறு கட்டி
உடுப்புத் தோய்த்துப் போட்டேன்.
உங்கள் சாரத்திலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி
புது மண் மெதுவாக இறுகிக்கொண்டிருந்தது.